கடல்பக்கத்துக் கேட்டின் சாவி

அன்றைக்குக் காம்பவுண்டுக்குள் இருந்தவர்கள் பதினோரு பேர். முதலாளி. பயிற்சி கொடுக்க வந்தவர். அவருடைய அசிஸ்டென்ட். ரிசப்ஷனில் உட்காரும் பெண். கேட் வாட்ச்மேன். சமையல்கார அண்ணன். ரூம்களைக் கூட்டித் துடைக்கும் ஓரகத்திகள் இரண்டு பேர். ஆறாம் நம்பர் ரூமில் தங்கியிருந்த வயதான கணவன் மனைவி. நான். எண்ணினேன், எழுதினேன், மறுபடி எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் மணி பத்து இருபது என்று குறித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பன்னிரண்டாவதாக ஒருவர் மொட்டை மாடியில் இருந்தார். எங்கள் பெட்ஷீட்டுகளுக்கு இஸ்திரி போடுகிறவர். அவரை நான் எழுதவில்லை. இன்றைக்கு அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அந்தக் கையால் இனிப் பெட்டி பிடிக்க முடியுமா என்று டாக்டரும் சொல்லவில்லை.

நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸ் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பஸ்ஸில் பத்து நிமிஷம். பன்னிரண்டு ரூம். முன்னால் ஈசிஆர் ரோடு, பின்னால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். ரூம் சாவி, துணி, துண்டு, சோப்பு எல்லாம் என் பொறுப்பு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் கணக்கு தப்பாது. தப்பிவிடுமோ என்ற பயத்திலேயே நாலு தடவை பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போயிருக்கிறேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பயிற்சி எங்கள் முதலாளி தேடிப் போனதில்லை. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டமாக அழைத்து வரும் ஒரு டிராவல்ஸ், வருஷத்துக்கு நாற்பது நாள் மொத்த ரூமையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனை. துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அதைச் செய்து பார்த்ததற்கு ஒரு கடிதம் வேண்டும். முதலாளி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தெற்கத்திக்காரர், பென்ஷன் பணத்தில் கட்டிய இடம் இது. பாதி வருஷம் காலியாகக் கிடக்கும். அந்த நாற்பது நாள் இல்லையென்றால் எங்களில் இரண்டு பேரை நிறுத்த வேண்டி வரும் என்று அவர் நேராகவே சொன்னார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் முன்னாள் ராணுவம். நாங்கள் அவரை மேஜர் என்றோம். அவர் மேஜர் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவரும் இல்லையென்று சொன்னதில்லை. முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி நடந்தார். கடல் பக்கம் வந்ததும் நின்றார். அங்கே என் தோள் உயரத்துக்கு ஒரு மதில். நடுவில் தகரம் அடித்த கேட்.

"இது என்னம்மா சுவரா, திண்டா?"

"இவ்ளோதான் சார் எப்பவும்."

"படகுல வந்து எறங்கினா, தோப்பத் தாண்டி, இதத் தாண்டி, ரூம் கதவுக்கு எவ்ளோ நேரம் தெரியுமா? மூணு நிமிஷம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து துணி காயப்போட மாடிக்குப் போனால் கடலைத்தான் பார்ப்பேன். தினமும் பார்த்த படகுகள்தான். ஆனால் எந்தப் படகில் எத்தனை தலை என்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு படகு ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால் துணியைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் முதலாளியைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "வலை போட்டிருக்காம்மா" என்று இறங்கிப் போய்விட்டார்.

மதிலை உயர்த்த அவரிடம் பணம் இல்லை. கம்பி வேலிக்கும் இல்லை. அப்போது நான்தான் சொன்னேன், பின்கட்டில் பீர் பாட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, உடைத்துப் பதித்துவிடலாம் என்று. இரண்டு மத்தியானம் கோணிக்குள் பாட்டிலைப் போட்டுக் கல்லால் உடைத்தேன். கொத்தனார் சிமெண்டு பூசப் பூச, பச்சையும் பழுப்புமாக நானே எடுத்துக் கொடுத்தேன். கூர் மேலே வரும்படி வைக்கச் சொன்னதும் நான்தான். வெயிலில் அது மின்னும். அதைப் பார்த்த ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மேஜர் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு, முன்கேட்டில் நோட்டு. யார் வந்தாலும் பெயர், நேரம், கையெழுத்து, பை சோதனை. இஸ்திரிக்காரருக்குத்தான் அது பிடிக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வருவார். பெட்ஷீட்டை இங்கேயே மெஷினில் துவைத்து மாடியில் காயப்போடுவோம். அவர் எடுத்துப்போய், மெயின் ரோட்டில் நிற்கும் தன் வண்டியில் இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார். என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவர். வாட்ச்மேன் அவர் மூட்டையை அவிழ்க்கச் சொன்ன முதல் நாளே சண்டை.

"இன்னா நைனா, தலகாணி ஒறைக்குள்ள குண்டு வச்சுகினு வந்துட்டனா?"

"எனுக்கு இன்னா தெரியும்? அவுத்துக் காட்டு. ரூல்ஸ் கீது."

"மடிச்ச துணிய நீ அவுப்ப. கசங்கிப் போச்சின்னு அக்கா என்னத் திட்டும். அப்பால நான் எந்த ரூல்ஸ்கிட்டப் போயி அழறது?"

"ஒரு கையெழுத்துப் போடுறதுக்கு இன்னா அண்ணாத்த இவ்ளோ பேஜாரு பண்ற?"

"எனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். இஸ்திரிக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை தோப்பு வழியாக வந்து கடல்பக்கத்துக் கேட்டைத் தட்டினார். நான் திறந்தேன். அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் காலையில் அந்தக் கேட்டின் பூட்டை எடுத்து வைப்பது பழக்கமாகிவிட்டது. வந்து, வெளிப்படி வழியாக மாடிக்கு ஏறி, துணியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடுவார். நோட்டில் அவர் பெயர் வராது. படகை எண்ணி எண்ணிப் பயந்த நானே அந்தக் கேட்டைத் திறந்து வைத்தேன். அது எனக்கு அப்போது ஒரு தப்பாகவே தோன்றவில்லை. அவர் தெரிந்த ஆள், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஒத்திகை. புதன்கிழமைதான் உண்மையான பயிற்சி, அதைப் பார்த்துத்தான் கடிதம். ஒத்திகையில் நானும், சமையல்கார அண்ணனும், ஓரகத்திகள் இருவரும் துணி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, கட்டிலைக் குறுக்கே தள்ளி, போன்களை அணைத்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அது வந்தால்தான் திறக்கலாம். அறைச் சாவி என்னிடம். கடல்பக்கத்துக் கேட்டுச் சாவியும் அதே வளையத்தில்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். வெளியே முதலாளியின் குரல். "ஏம்மா, திறம்மா, முடிஞ்சிட்டு. மேலுக்கு முடியல எனக்கு." அவருக்கு பிரஷர் உண்டு. நான் எழுந்து திறந்துவிட்டேன். வெளியே நின்றது அசிஸ்டென்ட், கையில் மரத்துப்பாக்கி. அந்தப் பையனுக்குக் குரல் மாற்றிப் பேச வரும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

மேஜர் ஒரு அட்டையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்து என் புடவைத் தோளில் ஒட்டினார். "நீ செத்துட்ட. உன்னால பின்னாடி இருக்கிற மூணு பேரும் செத்தாச்சு." அவர்களுக்கும் ஒட்டினார். சாயந்திரம் வரை எடுக்கக் கூடாது என்றார். முதலாளி என்னைப் பார்க்காமல், "நாளைக்கு இப்படி ஆச்சுன்னா லெட்டர் கிடையாது பாத்துக்கோ" என்றார்.

சமையல்கார அண்ணன் மட்டும் விளையாட்டாக, "பொணம் வந்து காபி கேக்குதுப்பா" என்று எனக்கு டம்ளரை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓரகத்திகளில் சின்னவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவள் தோளில் அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னமோ செய்தது. நாளைக்கு யார் குரலில் கூப்பிட்டாலும் திறக்க மாட்டேன் என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கலவரத்தில்தான் இஸ்திரிக்காரருக்குப் போன் செய்தேன். ஒத்திகைக்காக அன்றைக்கு அவரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். வியாழக்கிழமை டிராவல்ஸ் ஆட்கள் ரூம் பார்க்க வருகிறார்கள், மாடியில் இருபத்துநாலு பெட்ஷீட்டு காய்கிறது. "நாளைக்கே வந்து எடுத்துக்கோப்பா, சீக்கிரம் வேணும்" என்றேன். பயிற்சியைப் பற்றிச் சொல்லவில்லை. வெளியாட்களிடம் மூச்சு விடக் கூடாது என்று மேஜர் சொல்லியிருந்தார். நானும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வரச் சொன்னதே நான்தான். அது பன்னிரண்டு மணி நேரத்தில் எனக்கு மறந்துபோனது.

செவ்வாய்க்கிழமை எடுக்காததாலோ என்னவோ, புதன்கிழமை காலை பழக்கதோஷத்தில் கேட்டுப் பூட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மேஜர், "பின் கேட்டைப் பூட்டிட்டியா?" என்றார். ஓடிப்போய்ப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவர் ஒன்பதரைக்கே வந்து, பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் மடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பத்து இருபதுக்குப் பதினோரு பேர் என்று எழுதிக் காட்டினேன். பத்தரைக்கு வெடிச் சத்தம். சத்தத்துக்காகப் பெரிய பட்டாசு கொண்டு வந்திருந்தார்கள். முன்பக்கம் ஒன்று, நடைக்குள் இரண்டு. தெரிந்தே இருந்தும் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேரும் துணி அறைக்குள். ஜன்னல் இல்லாத அறை, சோப்பு வாடை. அசிஸ்டென்ட் நடையில் ஓடி ஓடிக் கதவுகளை உதைக்கும் சத்தம், அதட்டல். எங்கள் கதவையும் ஒரு உதை உதைத்துவிட்டுப் போனான்.

அப்புறம் மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கும் சத்தம். எங்கள் கதவைத் தட்டினார்கள். மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளங்கையால் அடிக்கும் அடி.

"யக்கா! யக்கா, உள்ள கீறியா? நாந்தான்க்கா, இஸ்திரி. தொறக்கா. எவனோ துப்பாக்கி வச்சுகினு சுத்தறான்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சமையல்கார அண்ணன் வாயை என் காதில் வைத்து, "அவன் கொரலு மாதிரியே கீதே" என்றார். பெரியவள், "நேத்தும் சார் கொரலு மாதிரியேதான் இருந்துச்சி" என்றாள்.

"யக்கா, உன் காலுல வுழறேன். பொண்டாட்டி புள்ள கீதுக்கா எனுக்கு. தொறக்கா."

சாவி வளையம் என் இடுப்பில் இருந்தது. சத்தம் வராமல் இருக்க அதை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிடித்த தழும்பு அன்றைக்கு முழுக்க உள்ளங்கையில் இருந்தது. அது அவர் குரல்தான். கெஞ்சும்போது மூக்கால் பேசுவார், அது கூட இருந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தாலும், நேற்றும் தெரிந்துதானே திறந்தேன்? நோட்டில் பதினோரு பேர், நானே எண்ணியது. செவ்வாய், வெள்ளி வருகிறவருக்குப் புதன்கிழமை இங்கே என்ன வேலை? நான் அசையவில்லை.

அடி நின்றது. காலடி பின்பக்கம் ஓடியது. தகரத்தைக் குலுக்கும் சத்தம். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு அலறல்.

சமையல்கார அண்ணன் மெதுவாகத் தலையை ஆட்டினார். "இன்னா நடிப்புடா சாமி."

அதற்கப்புறம் இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சின்னவள் கொஞ்சம் தூங்கினாள் என்று நினைக்கிறேன். மூன்று தட்டு, இடைவெளி, ஒரு தட்டு வந்தது. திறந்தேன். மேஜர் நின்றிருந்தார், பின்னால் முதலாளி சிரித்த முகமாக. மேஜர் இந்தத் தடவை பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

"சபாஷ். நாலு பேரும் பொழச்சிட்டீங்க. கதவைத் தட்டினப்ப என்னம்மா நெனச்ச?"

"நல்லாப் பண்ணினாரு சார் உங்க தம்பி. அந்தக் கெஞ்சல்..." என்றேன்.

அசிஸ்டென்ட் எங்களைப் பார்த்தான். "நான் ஒதச்சிட்டுப் போனேன், அவ்ளோதான். கெஞ்சவேயில்லையே."

அணைத்து வைத்திருந்த போனை ஆன் செய்தேன். இஸ்திரி நம்பரிலிருந்து நாலு மிஸ்டு கால் என்று மெசேஜ் வந்தது. அதே நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூச்சல். சாவியோடு ஓடினேன். பூட்டுக்குள் முதலில் வேறு சாவியைத் திணித்தேன். மதிலில் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு மட்டும் சிவப்பாக இருந்தது. கீழே எங்கள் பெட்ஷீட்டு ஒன்று, இடுப்பில் செருகிக்கொண்டே ஓடியிருக்கிறார் போல. வெளியே தோப்பு மணலில் அவர் உட்கார்ந்திருந்தார். மீன்கூடையோடு போன இரண்டு பெண்கள் துண்டால் கையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இத்தினி நேரமா கத்தறோம். உள்ள எல்லாம் செத்தா பூட்டீங்க?"

என் தோளில் பச்சை ஸ்டிக்கர் இருந்ததை ஆட்டோவில்தான் பார்த்தேன்.

முதலில் பக்கத்து கிளினிக், அங்கிருந்து செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரி. உள்ளங்கையில் குறுக்கே வெட்டு, விரலை மடக்கும் நரம்பு இரண்டு போய்விட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். செலவில்லாமல் நன்றாகத்தான் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவர் கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்க்கா. என் கொரலு உனுக்குத் தெரியலியா?"

பொய் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

"தெரிஞ்சுதுப்பா."

அவர் முகத்தை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டார். "தெரிஞ்சுகீது உனுக்கு," என்றார். பிறகு, "பத்து வருசமா உன் வூட்டுத் துணியும் தேச்சிகினு கீறேன்," என்றார். பழத்தை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

கடிதம் வந்துவிட்டது. டிராவல்ஸ் கூட்டமும் வந்துபோனது. கடிதத்தில், பின்மதிலில் கண்ணாடி பதித்திருப்பது நல்ல ஏற்பாடு என்று ஒரு வரி உண்டு. அதனால் அதை எடுக்க முடியாது என்கிறார் முதலாளி. நான் கேட்டேன், இரண்டு தடவை. "அதை எடுத்தா லெட்டர் செல்லாதும்மா" என்கிறார். வருஷா வருஷம் பயிற்சி வைக்க வேண்டுமாம். அடுத்ததற்கு மேஜர் நாள் குறித்துவிட்டார். இந்தத் தடவை குரல் மாற்றுவதில் இன்னும் கெட்டிக்காரன் ஒருவனைக் கூட்டி வருகிறாராம். சின்னவள் அன்றைக்கு லீவு கேட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை. சாவி என்னிடம்தானே இருக்கிறது.

இப்போது வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் நான் உடனே எழுவதில்லை. என் பிள்ளை, "அம்மா நான்தாம்மா" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகும் ஒரு நொடி நின்றுதான் தாழ்ப்பாளை எடுக்கிறேன். அந்த ஒரு நொடி அவனுக்குக் கோபம் வருகிறது. எனக்கு அந்த ஒரு நொடியில் தகரம் குலுங்கும் சத்தம் கேட்கிறது.

இஸ்திரிக்காரர் இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறார். கரி போட்ட பெட்டி அந்தக் கையில் நிற்கவில்லை, ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகிறது. எங்கள் துணி வேறு இடத்துக்குப் போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அவர் மனைவியும் அண்ணனும் வந்து ரிசப்ஷன் முன்னால் நின்றபோது, ஆறு மாசத்துக் கூலியாக அறுபதாயிரம் தருவதாக முதலாளி எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இருபதாயிரம் அன்றைக்கே கொடுத்தார். மிச்சத்தை மேஜர் தர வேண்டும் என்று இவர் சொல்கிறார், வெளியாளை உள்ளே விட்டது உங்கள் ஆள்தானே என்று மேஜர் சொல்கிறார். அந்த ஆள் நான். என் சம்பளத்தில் மாசம் ஐந்நூறு எடுத்துக்கொண்டுபோய் அவர் மனைவியிடம் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள், பேசுவதில்லை. ஏழு மாசம் ஆகிறது. பதினோரு பேர் என்று எழுதிய அதே பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, அதையும் எழுதி வருகிறேன். இன்றைய தேதிக்கு அவருக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.